பதினேழாம் பாத்தி

கிளுவங்காட்டுப்புதூர் புல் ஆராய்ச்சி நிலையத்தில் பதினேழாம் பாத்தி காணாமல் போன அன்று பாவாத்தாளுக்கு முதலில் கோபம் வந்தது பாத்தியின் மேல் அல்ல, அதன் மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த தன் மயிலை மாட்டின் மேல்தான். எட்டு மாசச் சினையை வயிற்றில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல், படுத்த இடத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு ஒரு மாடு போகுமா என்று வேலியோரம் நின்று வாய் ஓயுமட்டும் வைதாள்.

பதினாறு என்று எழுதிய குச்சி இருந்தது. அதற்கு அடுத்தாற்போல் பதினெட்டு என்று எழுதிய குச்சி இருந்தது. நடுவில் குழியில்லை, தழும்பில்லை, தையல்காரன் சட்டையைப் பிடித்துத் தைத்த மாதிரி பூமி இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பாத்தியோடு அதற்கு நிழல் கொடுத்த வெள்வேல மரமும் போயிருந்தது. மூன்று ஏக்கரில் இருந்த ஒரே நிழல் அது.

நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று ஏக்கர் கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை வேலி, ஒரு ஓட்டுக் கட்டடம், அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு ஏசி. மனுசர்கள் வேர்த்துக்கொள்ளலாம், அதற்கு வேர்க்கக் கூடாது. பாவாத்தாள் பன்னிரண்டு வருசமாக அங்கே களை எடுத்து, கூட்டித் துடைத்து, மூட்டை தூக்கி, டைரக்டர் அரங்கநாயகத்துக்கு டீ வாங்கிக் கொடுத்து, மிச்சமிருக்கிற எல்லா வேலையும் செய்கிறவள். ஆள் பட்டியலில் அவள் பெயர் கிடையாது. 'இதர செலவு' என்று ஒரு வரி இருக்கும், அதுதான் அவள்.

கோகிலவாணி வந்து மூன்று வருசம். படித்த பெண், ஒப்பந்த வேலை. வருசா வருசம் டைரக்டர் தன் அறை மேசையிலிருக்கிற திரை வழியாக அதே கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டியலில் அவள் வரியை நீட்டிவிட்டால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வந்த புதிதில் பாவாத்தாள் கேட்டாள், அப்படி என்னதான் அம்மிணி பார்க்கிறீர்கள் என்று.

"கொழுக்கட்டைப் புல்லுக்குள்ள ஒரு காளான் குடியிருக்குதுங்கக்கா. வெளிய பாத்தாத் தெரியாது. புல்லு வீட்டுக்காரன், காளான் குடித்தனக்காரன். வாடகைக்குப் பதிலா, மழை இல்லாத காலத்துல வீட்டுக்காரனைக் காஞ்சு போகாமப் பாத்துக்குது. அதுக்குள்ள ஏழாயிரம் ஜீன் இருக்கு, லைட்டு மாதிரி. தண்ணி இருந்தா எது எரியுது, இல்லைன்னா எது எரியுதுன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலை."

"அடுத்தவன் ஊட்டுல எந்த லைட்டு எரியுதுன்னு பாக்கறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்றாள் பாவாத்தாள். "எங்கூர்ல அதைச் சும்மாவே பண்ணுவாங்களே அம்மிணி!"

சும்மா செய்ய முடியாத அளவுக்கு வேலை இருக்கத்தான் செய்தது. நாற்பத்தெட்டுப் பாத்தி போட்டார்கள். பாதிக்குத் தண்ணீர், பாதிக்குப் பட்டினி, அறுபது நாள். அப்புறம் புல்லை அறுத்து, உறைய வைத்து, பொடித்து, பட்டணத்துக்கு அனுப்பினால் அங்கிருந்து லட்சக்கணக்கில் எண்கள் வந்து இறங்கின. கோகிலவாணி அவற்றை அலசிப் பிழிந்து கம்ப்யூட்டரில் காயப்போட்டபோது பவானி ஜமக்காளம் மாதிரி ஒரு படம் வந்தது: எரிகிற ஜீன் சிவப்பு, அணைந்தது நீலம். பட்டினிப் பாத்திகள் இருபத்து மூன்றிலும் பஞ்சகாலத்து லைட்டுகள் செக்கச்செவேலென்று எரிந்தன. பதினேழு மட்டும், பட்டினிப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, விருந்து சாப்பிட்டவன் மாதிரி நீலமாக ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

"பதினேழுக்கு யாராச்சும் தண்ணி விட்டீங்களாக்கா?" என்று கோகிலவாணி மூன்று முறை கேட்டாள். மாரியாத்தா மேல் சத்தியமாக இல்லை என்று மூன்று முறையும் பாவாத்தாள் சொன்னாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தத் தொழிலில் ஒரு எண் இருக்கிறதாம். அது புள்ளி பூஜ்யம் ஐந்துக்குக் கீழே வந்தால்தான் நீ சொல்வதை உலகம் ஒத்துக்கொள்ளும். கோகிலவாணிக்கு வந்தது புள்ளி பூஜ்யம் ஏழு. டைரக்டர் எட்டிப் பார்த்தார். "ஊரோட ஒத்துப் போகாத பாத்தி நமக்கு எதுக்கும்மா? அந்த வரியை எடுத்துடு" என்றார். அவள் எடுத்தாள். எண் புள்ளி பூஜ்யம் மூன்றுக்குக் குப்பென்று இறங்கியது. திங்கட்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மாதிரி அறுத்து முடிந்த புல்தானே என்று பாவாத்தாள் மாட்டை அவிழ்த்துவிட்டிருந்ததும், அது பதினேழில் போய்ப் படுத்ததும் அதே மூன்று மணி.

சத்தம் கேட்டு வெளியே வந்த கோகிலவாணி, பதினாறையும் பதினெட்டையும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க்கா அழிச்சேன்."

"மாட்டையுமா?"

"மாடு அதும்மேல படுத்திருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாவாத்தாள் யோசித்தாள். அழித்தாள் என்றால் அழித்ததுதான், அதில் துருவிக் கேட்க என்ன இருக்கிறது. "சரி, எப்ப வரும்?" என்றாள்.

"நான் அழிச்சது நகல்லதான். அசல் கோப்பை நாங்க தொடவே மாட்டோம், அது எங்க தொழில்ல மொதப் பாடம். அசல் இருக்கற வரைக்கும் எதுவும் நிசமாப் போயிடலைக்கா."

இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பாவாத்தாள் அடுத்த நாற்பது நாளையும் தள்ளினாள்.

ஊர் சும்மா இருக்குமா? முதல் இரண்டு நாள் ஊருக்கு இருந்த ஒரே குழப்பம், இதற்குக் கேதம் விசாரிக்கப் போவதா வேண்டாமா என்பதுதான். செத்திருந்தால் போகலாம், திருட்டுப் போயிருந்தால் போலீசுக்குப் போகலாம், இது இரண்டிலும் சேராமல் கணக்கில் இல்லாமல் போய்விட்டதே என்று பேசிப் பேசி, கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று பெண்கள் நாலைந்து பேர் வந்து மூக்கைச் சிந்தி, காப்பியைக் குடித்து, நல்ல கறவை, அதன் சுழி அப்போதே சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாவாத்தாள் யாரோடும் வாதாடவில்லை. பொழுது சாயும்போது சோளத்தட்டு ஒரு கட்டும், கழனித்தண்ணி ஒரு வாளியும் கொண்டு வந்து கம்ப்யூட்டர் அறை வாசலில் வைத்தாள். "உள்ள இருக்கறதுக்குப் பசிக்குமல்ல, அதுவும் வாயும் வயிறுமா" என்றாள். காலையில் வாளி காலியாக இருந்தது. வாட்ச்மேன் வளர்க்கும் ஆடு ஒன்று அங்கே உண்டு. அதை யாரும் சந்தேகப்படவில்லை.

அடுத்த வாரம் டைரக்டருக்கு ஆசை வந்தது. புள்ளி பூஜ்யம் மூன்று வந்தால் புள்ளி பூஜ்யம் ஒன்று வரக் கூடாதா? முப்பத்தொன்றையும் எட்டையும் எடுக்கச் சொன்னார். கோகிலவாணி இந்த முறை வெளியே ஓடிப்போய் மாடு மனுசர் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு வந்து எடுத்தாள். முப்பத்தொன்றோடு நிலையத்தின் அடிக்கல் போனது. பதினோரு பிரமுகர்களின் பெயர் பொறித்த கருங்கல், அதைத் தேடி ஒருத்தரும் வரவில்லை. எட்டோடு வேலிக்கு வெளியே ஒட்டியிருந்த வண்டித்தடம் போனது. அந்தத் தடத்துக்காக அண்ணன் தம்பி இரண்டு பேர் பதினான்கு வருசமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சண்டை போட இடமே இல்லாமல் போனதும், இரண்டு பேரும் திருதிருவென்று விழித்து, வேறு வழி தெரியாமல் அன்றைக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் நிலையத்து வாசலில் வரிசை நின்றது, ஆளுக்கொரு கைப்பிடிப் புல்லோடு: பஞ்சாயத்துத் தலைவர் செங்கோடன் எதிர்க்கட்சிக்காரன் கொடிக்கம்பத்தடியில் பிடுங்கிய புல்லோடு வந்தார், ஒருத்தி தன் மாமியார் காலை நீட்டி உட்காரும் இடத்துப் புல்லோடு வந்தாள், அந்த மாமியார் மருமகள் துணி துவைக்கிற கல்லடிப் புல்லோடு அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றாள், கடன் கொடுத்தவன் தேடி வருகிற வழியில் முளைத்த புல், காதலித்தவளைக் கட்டிக்கொண்டு போனவன் வீட்டு முற்றத்துப் புல், பரீட்சை எழுதப் போகிற பள்ளிக்கூடத்து மைதானத்துப் புல் என்று வந்து குவிந்ததில், டீக்கடைக்காரர் தன் பெஞ்சைத் தூக்கி வந்து நிலையத்து வாசலிலேயே போட்டுவிட்டார். நாற்பத்தெட்டில் இல்லாததை நான் எப்படி அழிப்பது என்று கோகிலவாணி கத்திப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? வைத்துவிட்டுப் போனார்கள். "மக்கள் தொடர்பு!" என்று டைரக்டர் போட்டோ எடுத்துக்கொண்டார். அத்தனை விண்ணப்பத்தையும் சாயங்காலம் கூட்டி அள்ளி, பாவாத்தாள் தன் மாட்டுக்கென்று கம்ப்யூட்டர் அறை வாசலில் போட்டாள்.

நாற்பதாம் நாள் டைரக்டர் புது யோசனையோடு வந்தார். கட்டுரையைப் போடுகிற பத்திரிகை அசல் கோப்பைக் கேட்கிறதாம். "நாப்பத்தஞ்சு பாத்திதான் போட்டோம்னு எழுதிடலாம். அசல்லயும் அந்த மூணை அழிச்சுட்டு ஒண்ணுலேருந்து வரிசையா நம்பர் போட்டுடு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சா உன் வரியை மூணு வருசத்துக்கு நீட்டிடறேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கூட்டிக்கொண்டிருந்த பாவாத்தாளின் கையில் விளக்குமாறு நின்றது. அசல் என்ற சொல் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

மரம் போனதிலிருந்து இரண்டு பேரும் கம்ப்யூட்டர் அறையிலேயேதான் சாப்பிட்டார்கள். அன்றைக்குக் கோகிலவாணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அசலைப் பற்றிக் கேட்டால் அழுதுவிடுவோம் என்று பாவாத்தாளுக்குப் பயமாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, பேச்சை வேறு எங்கேயாவது திருப்பலாம் என்று சலித்துக்கொண்டாள்.

"கை கழுவ ஒரு எடமில்லாமப் போச்சுங் அம்மிணி. பதினேழு இருந்தப்ப நாம மூணு பேரும் அங்கயே கழுவிக்குவோம். சார் கொப்பளிக்கற கொப்பளிப்புக்கே ஒரு கொடம் பத்தாது."

கோகிலவாணி பிசைவதை நிறுத்தினாள். "அங்கயா கழுவினோம்? அறுபது நாளுமா?"

"பின்ன? நெழல்ல உக்காந்து தின்னுபோட்டு வெயில்ல போயா கழுவுவாங்க?"

"தண்ணி விட்டீங்களான்னு மூணு வாட்டி கேட்டேனே!"

"கை கழுவறது தண்ணி உடறதாங்?"

கோகிலவாணி முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது. "அது பொய் சொல்லலைக்கா. ஏழாயிரம் லைட்டுல ஒண்ணுகூடப் பொய் சொல்லலை. தண்ணி வந்துச்சு, வந்துச்சுன்னு சொல்லிச்சு. நாமதான் அதை எடுத்து வெளிய போட்டோம்." மூக்கைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "இதையெல்லாம் திருப்பி வெச்சா சார் என் வரியை எடுத்துடுவாரு. தெரியுமில்ல?"

வேண்டாம் அம்மிணி, உங்கள் பிழைப்பைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பாவாத்தாளுக்கு வாய் வரவில்லை. மாடு வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கையா ஒரு மாடா என்று கேட்டால் ஊர் காறித் துப்பும் என்று தெரிந்தும், அவளுக்கு மாடு வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்ன, "உங்களுக்கு நானிருக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான்.

கோகிலவாணி அசல் கோப்பைத் திறந்து, அதைப் பார்த்து மூன்று வரிகளையும் நகலில் இருந்த இடத்தில் வைத்தாள். எண் ஏறி, பழையபடி புள்ளி பூஜ்யம் ஏழில் போய் உட்கார்ந்தது. வெளியே "அம்மா" என்று மயிலை கத்தியது.

வெள்வேல மரத்தடியில் மாடு நின்றது, மடியை முட்டிக்கொண்டு ஒரு கெடாரிக் கன்று நின்றது. எங்கே ஈன்றது, யார் பார்த்தது என்று பாவாத்தாள் கேட்கவில்லை. இரண்டின் கழுத்தையும் கட்டிக்கொண்டு அழுதாள். அடிக்கல் வந்தது, பதினோரு பெயரும் எழுத்துக் குறையாமல். வண்டித்தடமும் வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும், விட்ட இடத்திலிருந்து, சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவர்கள் மாதிரி ஆசை ஆசையாகச் சண்டையைத் தொடங்கினார்கள்.

கோகிலவாணி கட்டுரையில் ஒரு வரி சேர்த்தாள்: 'பதினேழாம் பாத்தியில் ஆய்வாளர்கள் அறுபது நாளும் கை கழுவினார்கள், இயக்குநர் கொப்பளித்தார்.' அதோடு அனுப்பினாள். பத்திரிகை மிகுந்த மரியாதையோடு திருப்பி அனுப்பியது. கட்டுரை திரும்பி வந்ததில் கூட டைரக்டருக்கு அவ்வளவு கோபமில்லை, கொப்பளித்தார் என்பதில்தான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஆள் பட்டியலைத் திறந்து அவள் வரியை எடுத்தார்.

சனிக்கிழமை காலையில் அவள் செருப்பு கம்ப்யூட்டர் அறை வாசலில் இருந்தது. நாற்காலி இருந்தது. அவள் இல்லை. மாட்டுக்குக் கேதம் கேட்க வந்த ஊர் இதற்கு வரவில்லை. "ஒப்பந்தம்தான, முடிஞ்சிருக்கும்" என்றார் செங்கோடன். ஒப்பந்த ஆள் காணாமல் போவது அதிசயத்தில் சேர்த்தியில்லை போலிருக்கிறது.

பாவாத்தாள் தூக்குப்போசியில் தயிர்ச்சோறு கொண்டு வந்து அறை வாசலில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போசி காலியாக இருந்தது. ஆடு இருக்கிறதுதான், ஆனால் ஆடு தின்றுவிட்டுப் போசிக்கு மூடி போட்டு வைக்காது. அசல் எங்கேயோ இருக்கிறது என்று பாவாத்தாளுக்கு அப்போதே தைரியம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டை எடுத்தாள். மூன்று வருசமாகக் கோகிலவாணி தினமும் பேனாவில் போட்ட கையெழுத்து பக்கம் பக்கமாக இருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு டைரக்டர் அறைக்குள் நுழைந்தாள். மாடு மேசை மேலிருந்த ஃபைல் ஒன்றை மோந்து பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது.

"என்ன இது? மாட்டை வெளிய ஓட்டு!"

"அசல் கொண்டாந்திருக்கறனுங் சார்." பதிவேட்டை விரித்து வைத்தாள். "இதைப் பாத்து அந்தப் பொட்டியில திருப்பி ஏத்துங்க."

"அதெல்லாம் நிர்வாக முடிவு. பேசினா உன் பேரையும் எடுத்துடுவேன், தெரியுமா?"

"எடுங்களேன்," என்றாள் பாவாத்தாள். "எங்க இருக்குதுன்னு தேடிப் பாருங்க. பன்னண்டு வருசமா என்ற பேரை நீங்க அதுல ஏத்தவே இல்லீங்களே."

டைரக்டர் மேசைத் திரையில் பட்டியலை மேலும் கீழும் ஓட்டித் தேடினார்.

"ஆனா உங்க பேரு இருக்குதுங் சார். மொத வரி. தெனமும் அந்தப் பொட்டியைத் தொடைக்கறவ நாந்தான். எந்தப் பட்டனை அமுத்துனா போகும்னு பாத்து வெச்சிருக்கறேன்."

மாடு அடுத்த ஃபைலுக்குப் போனது. அரங்கநாயகம் ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு வரி தட்டினார். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

பாவாத்தாள் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள். கோகிலவாணி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தலையில் இரண்டு கொழுக்கட்டைப் புல் ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளாச்சுக்கா?"

"மூணு நாளு. சோறு கெடைச்சுதா?"

"கெடைச்சுது. உப்புக் கொறைச்சல்."

"வாயைப் பாரு!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள் பாவாத்தாள். அம்மிணியும் வாங்கபோங்கவும் அவளுக்கு அந்த நேரத்தில் மறந்தே போயின. "வா, சாப்புடலாம். இன்னைக்கு உப்புப் போட்டிருக்கறேன்."

வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கன்று வந்து போசியை நக்கியது. சாப்பிட்டு முடித்துப் பாவாத்தாள் சொம்பைத் தூக்கிப் பதினேழாம் பாத்தியில் கையைக் கழுவினாள். கோகிலவாணி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். தேதி எழுதினாள், பதினேழு என்று எழுதினாள், ஒரு சொம்பு தண்ணீர் என்று எழுதினாள். அப்புறம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாவாத்தாளைப் பார்த்தாள்.

"ஊத்தினது யாருன்னு எழுதணும். எழுதலாமாக்கா? எழுதிட்டா அழிக்கவும் முடியும்."

பாவாத்தாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அசலு உன்ற கையிலயே இருக்கட்டும்," என்றாள். "எழுது. பாவாத்தாள், ஒரு சொம்பு."